அலமாரியை அப்புறம் மாத்தலாம், முதல்ல ஒழுகலை நிறுத்துங்க

இந்த மழைக்காலத்தில் மட்டும் எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் சமையலறை அலமாரிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுசு போட்டிருக்கிறார்கள். ஒன்று செம்பூர், ஒன்று முலுண்ட், ஒன்று டோம்பிவ்லி. மூன்றும் நம்மாட்கள்தான். மூன்று வீட்டுக்கும் போனேன், காபி குடித்தேன், "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். போன இடத்தில் வேறென்ன சொல்வது? இங்கே சொல்கிறேன். மூன்று வீட்டிலும் தண்ணீர் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது புது அலமாரிக்குப் பின்னால் ஒழுகுகிறது.

டிஸ்கி: நான் தச்சு வேலை தெரிந்தவள் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவள். ஆனால் இருபது வருஷத்துக்கு மேலான உத்தியோகத்தில் மாற்றலாகி மாற்றலாகி ஒன்பது வீடு பார்த்தாயிற்று. வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நின்று "இது ஏன், அது ஏன்" என்று ஆசாரிகளின் உயிரை வாங்கும் கெட்ட பழக்கமும் உண்டு. தவிர, அந்த அலமாரிக்குக் கடன் கேட்டு வருகிற விண்ணப்பங்கள் என் மேஜைக்குத்தான் வருகின்றன. அந்தத் தகுதியில் இந்தப் பதிவு.

அடிப்படை விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மரம் தானாக இத்துப்போவதில்லை. அதைத் தின்பது பூஞ்சை. பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. காரைக்குடி வீடுகளில் பர்மா தேக்கு உத்திரங்கள் நூறு வருஷம் கழித்தும் நிற்கின்றன என்றால், தேக்கு உசத்தி என்பது பாதிக் காரணம். காய்ந்து கிடக்கிறது என்பது மீதிக் காரணம். அதே தேக்கைத் தினமும் நனைகிற மூலையில் வையுங்கள், அதுவும் ஒருநாள் கையோடு வரும். ஆக, உங்கள் வீட்டில் ஒரு கட்டை இத்துப்போயிருக்கிறது என்றால் அங்கே மாசக்கணக்கில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரை விட்டுவிட்டு மரத்தை மாற்றுவது, கணக்கு டேலி ஆகவில்லை என்பதற்காகப் புது லெட்ஜர் வாங்குவது மாதிரி.

இது ஒன்றும் யாருக்கும் தெரியாத ராக்கெட் சயன்ஸ் இல்லையே, பிறகு ஏன் எல்லோரும் லெட்ஜர் வாங்குகிறார்கள்? செம்பூர் வீட்டில் அதைத்தான் கேட்டேன். அங்கே சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. மேல் வீட்டுக் குளியலறையில் நஹானி டிராப் (தரையில் தண்ணீர் இறங்குகிற அந்த ஓட்டைதான்) இணைப்பு விட்டுப்போய், தண்ணீர் சுவர் வழியாக இறங்கி சிங்க்குக்குக் கீழே வருகிறது. கூரையில் உலகப் படம் மாதிரி மஞ்சள் கறை. எல்லோருக்கும் தெரிகிறது.

"மேல் வீட்டுல சொன்னீங்களா?"

"எதுக்குக்கா வம்பு? அவங்க ஒரு மாதிரி. எனக்கும் அவ்வளவா இந்தி வராது, இவருக்கும் நேரமில்லை. நம்ம வீட்டை நாம சரி பண்ணிக்கிட்டா முடிஞ்சது."

என் கோபம் அலமாரி மேல் இல்லை, இந்த "எதுக்கு வம்பு" மேல்தான். வந்த ஊரில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுப் போகலாம் என்று நாம் ஒரு தலைமுறையாகப் பழகி வைத்திருக்கிறோம். அடுத்தவன் வீட்டுத் தண்ணீர் நம் சுவரில் இறங்குகிறது. மாடிப்படி பன்னிரண்டு ஏறிப்போய்க் கதவைத் தட்டக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு லட்சக்கணக்கில் செலவு செய்யத் தயார். இந்தி வராது என்பதெல்லாம் சாக்கு. மார்க்கெட்டில் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேச வருகிற இந்தி, மேல் வீட்டில் நின்று "பானி டபக் ரஹா ஹை" என்று சொல்ல மட்டும் வராதா?

சண்டை போடச் சொல்லவில்லை. மகாராஷ்டிராவில் கூட்டுறவு சொசைட்டிகளுக்கான மாதிரி விதிகளிலேயே இதற்கு வழி இருக்கிறது. மழைநீரால் வரும் கசிவு, வெளிப்புறப் பொதுக் குழாய், கழிவுநீர்க் குழாய் இவற்றால் வரும் கசிவு எல்லாம் சொசைட்டி தன் செலவில் சரி செய்ய வேண்டியது. ஒரு வீட்டின் கழிவறை, சிங்க் போன்றவற்றிலிருந்து கீழே கசிந்தால் அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. கீழ் வீட்டுக்காரர் தலையில் கட்டலாம் என்று எங்கேயும் இல்லை. ஒரு கடிதம், தேதி போட்டு, புகைப்படத்தோடு சொசைட்டி அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னதற்கு மதிப்பே இல்லை என்பதை வங்கிக்காரி சொன்னால் நம்புவீர்கள்தானே? மேல் வீட்டில் குளியலறையைப் பெயர்த்து வேலை செய்தால், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு தரையில் தண்ணீர் தேக்கி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் நிறுத்தி வைத்து, கீழே உங்கள் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டின பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை.

மழைநீர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது மேற்கு, தென்மேற்குச் சுவர்கள். மும்பை மழை அந்தப் பக்கத்திலிருந்துதான் சாத்துகிறது. அந்தச் சுவரோடு ஒட்டி அலமாரி அடித்தால் முதுகுப் பலகையில் பூஞ்சணம் பூக்கும், பட்டுப்புடவையில் வாசனை வரும். அங்குதான் வைத்தாக வேண்டும் என்றால் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள்.

இனி நம்ம இண்டீரியர் கனவான்கள். ஒரே ஒரு கதவு உப்பியிருக்கிறது என்று கூப்பிட்டால்கூட, "மேடம், எல்லாமே போயிடுச்சு, முழுசா மாத்திடுங்க" என்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். இந்த ஊரில் வேலை சதுர அடிக் கணக்கில் ஓடுகிறது. புது அலமாரிக்குச் சதுர அடி உண்டு. அழுகின ஒரு அடிக் கட்டையை வெட்டி ஒட்டுப் போடுவதற்கு என்ன சதுர அடி? ஆகவே அந்த வேலை அவர்கள் விலைப்பட்டியலிலேயே இல்லை. ரிப்பேருக்கு ஆள் வேண்டுமானால் சதுர அடியைப் பேசாதீர்கள். நாள் கூலி பேசுங்கள், பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள். வயசான மிஸ்திரியாகப் பாருங்கள். இளவட்டங்களுக்கு சன்மைக்கா ஒட்ட வரும், உளி பிடிக்க வராது.

அந்த "முழுசா மாத்துறது" எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாமா? ஒரு சமையலறைக்கு 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இல்லை, தனிநபர் கடன். 11 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 6,523 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 3.91 லட்சம். வட்டி மட்டும் 91 ஆயிரத்துச் சொச்சம். ஒழுகல் நிற்காத சுவரில் அடித்த அலமாரி ஐந்து வருஷம் தாங்குமா? மூன்றாம் வருஷம் அதே மூலை மறுபடியும் உப்பும். தவணை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இல்லாத அலமாரிக்குத் தவணை கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். டாப்-அப் கேட்டு வருவார்கள்.

"அதான் இப்போ பிளாஸ்டிக் போர்டு வந்தாச்சே, தண்ணீரே ஏறாதே" என்பது எங்க வீட்டு ரங்கமணியின் கட்சி. பி.வி.சி., டபிள்யூ.பி.சி. பலகைகள் ஊறாது என்பது உண்மைதான். குளியலறைக் கதவுக்குத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் ஒழுகுகிற சுவரை அதை வைத்து மூடினால் தண்ணீர் எங்கே போகும்? அது போர்டைக் கேட்டு வரவில்லையே! சுவர்ப் பூச்சுக்குள் போகும், ஸ்லாபுக்குள் போகும், உள்ளே இருக்கிற கம்பிக்குப் போகும். கம்பி துருப்பிடித்தால் பருத்துக்கொண்டு சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கும். ஒருநாள் கூரைப் பூச்சு பாளமாகத் தலையில் விழும். பழைய கட்டடங்களில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நம் வீடுகளில் தண்ணீர் வந்திருக்கிறது என்று முதலில் சொல்வது மரம். உப்பும், நாறும், கதவு இறுகும். அதன் வாயை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்கிற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது "வாட்டர்ப்ரூஃப்" என்கிற சொல். கடையில் எம்.ஆர். பிளைவுட் என்று விற்கிறார்கள். காற்றில் உள்ள ஈரப்பதத்தைத் தாங்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம், தண்ணீரைத் தாங்கும் என்று இல்லை. சிங்க்குக்குக் கீழே அதைப் போட்டுவிட்டு ஏமாற்றிவிட்டான் என்று அழுகிறார்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 303 என்பது பொது உபயோக பிளைவுட், ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட். இந்த 710-ஐ 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள். பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இந்த எண்ணும் அச்சடித்திருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். பில்லில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். இன்னொன்று, அந்தச் சோதனை முக்கியமாக அடுக்குகளை ஒட்டியிருக்கிற பசைக்கானது. பசை விடாது என்பதற்காக வருஷம் முழுக்க ஈரத்தில் நிற்கவைக்கலாம் என்று இல்லை. அறுத்த விளிம்புகள் வழியாகத்தான் தண்ணீர் முதலில் ஏறும். அந்த விளிம்புகளை மூடச் சொன்னால் "பின்னாடி யார் பாக்கப் போறா" என்பார்கள். பார்ப்பது நாம் இல்லை, தண்ணீர்.

சரி, எதையுமே மாற்றக் கூடாதா என்று கேட்டால், அப்படிச் சொல்லவில்லை. பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். நனைந்து உப்பினால் முடிந்தது. காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது, ஸ்குரூ பிடிக்காது. அதில் செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயும் வராக்கடன். அடுக்கடுக்காகப் பிரிந்துபோன பிளைவுட்டும் அதே கதிதான். தலைக்கு மேலே கனம் தாங்குகிற பரண் பலகையில் சந்தேகம் இருந்தால் யோசிக்காமல் இறக்கிவிடுங்கள். சிங்க்குக்குக் கீழே மறுபடியும் பலகைப் பெட்டியே வேண்டாம். நம் அம்மாக்கள் காலத்துக் கடப்பா கல் தட்டு, முன்னால் ஒரு கதவு, போதும். கல் ஊறாது, பின்னால் ஒழுகினால் கண்ணுக்கும் தெரியும்.

கெட்டி மரம் வேறு ஜாதி. குளியலறைக் கதவு நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அழுகுவது எப்போதும் அடியில் ஒரு முழம்தான். மரத்தின் நார்கள் அறுபட்டு நிற்கிற அடி முனை, ஸ்ட்ரா மாதிரி தண்ணீரை உறிஞ்சும். ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துக் கீழிருந்து மேலே குத்திக்கொண்டே வாருங்கள். பொதபொதவென்று இறங்குகிற இடம் வரைக்கும்தான் நோய். எங்கே குத்தினால் எதிர்க்கிறதோ, அதற்கு மேலே இருப்பது இன்னும் உங்கள் காலத்தைப் பார்க்கும். அழுகினதை நல்ல மரம் வரைக்கும் சாய்வாக வெட்டி எடுத்து, அதே சாய்வில் புதுக் கட்டையைத் தண்ணீருக்கு விடாத பசையும் ஸ்குரூவும் போட்டு ஒட்டுப் போடலாம். அடி முனைக்கு இரண்டு மூன்று கை பிரைமர். தரையைத் தொடாமல் கீழே ஒரு கிரானைட் துண்டு. மும்பையில் புதுக் கட்டடங்களில் குளியலறை நிலையே கல்லில்தான் வைக்கிறார்கள், அதே யோசனைதான். ஒரு நாள் வேலை. இதற்கு நிலையையே பெயர்த்தால் இரண்டு பக்கமும் டைல்ஸ் உடையும், பூச்சு விழும், ஒரு வாரம் வீடு முழுக்கப் புழுதி.

ஒட்டுப் போடுவதற்கும் பெயின்ட் அடிப்பதற்கும் முன்னால் மரம் காய வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. தீபாவளி வருகிறது, விருந்தாளி வருகிறார்கள் என்று ஈரத்தின் மேலேயே புட்டி, அதன் மேல் பெயின்ட், இல்லாவிட்டால் சன்மைக்கா. உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் மரம் இன்னும் வேகமாக இத்துப்போகும். கதவுகளைத் திறந்துபோட்டு, சுவரை விட்டு நகர்த்தி, ஃபேன் காற்றில் வாரக்கணக்கில் விடுங்கள். அவசரப்பட்டு உச்சி வெயிலில் போட்டால் வெடிக்கும். ஈரப்பதம் காட்டுகிற இரண்டு முள் வைத்த சின்ன மீட்டர் கடைகளில் கிடைக்கிறது, குத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஜூலையில் கதவு இறுகினால் உடனே இழைப்புளியோடு ஓடி வருகிறவர்களை உள்ளே விடாதீர்கள். மரம் ஈரத்தை வாங்கி அகலவாக்கில்தான் பருக்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறாது. மழை போனால் தானாகச் சுருங்கும். ஜூலையில் இழைத்த கதவில் ஜனவரியில் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும், பிறகு கதவையே மாற்றச் சொல்வார்கள். டிசம்பர் வரைக்கும் பொறுத்து, கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பெயின்ட் பார்த்திருக்கின்றனவா என்று பாருங்கள். பத்துக்கு ஒன்பது வீட்டில் பச்சையாக இருக்கும்.

மரத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து என்றால், 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்த அந்த நாளில் நான் குர்லா பக்கம் ஒரு கிளையில் புது அதிகாரி. தரைத்தளக் கிளை. தண்ணீர் வடிந்து உள்ளே போனபோது கேபின் தடுப்புகள், கம்ப்யூட்டர் மேஜைகள் எல்லாம் ரஸ்க் மாதிரி ஊறி நின்றன. லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். முந்தின தலைமுறையில் செய்த பழைய தேக்குக் கவுன்ட்டர் ஒன்று மூலையில் கிடந்தது. கடைநிலை ஊழியர் ஒருவர் அதைக் கழுவி, இழுப்பறைகளை உருவி, இரண்டு மாதம் ஃபேனடியில் விட்டார். பிறகு பாலிஷ். எனக்கு மாற்றல் வந்த நாள் வரை அதன் மேல்தான் சலான் எழுதினார்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிறார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைக் கொடுக்கின்றன. வெள்ளம், புயல், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவது எல்லாம் அதில் உண்டு. கட்டடத்துக்கும் பொருட்களுக்கும் சேர்த்து எடுத்தால், பட்டியல் கொடுக்காமலே கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை பொருட்களுக்கும் சேரும். ஆனால் மாசக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஊறினது அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று ஒழுகலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அலமாரியும் போகும், க்ளெய்மும் வராது.

வாடகை வீடு, மூன்று வருஷத்தில் மாற்றல், நமக்கெதுக்கு என்பவர்களுக்கு: வாட்ஸப்பில் ஒழுகலின் படத்தை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அழுகின நிலைக்கு உங்கள் டெபாசிட்டில் கை வைக்காமல் இருக்கவாவது உதவும்.

நிற்க. இதே "எதுக்கு வம்பு" ஊரிலும் நம் வீடுகளை அரித்துக்கொண்டிருக்கிறது. பூட்டிக் கிடக்கிற தாத்தா வீடுகளைச் சொல்கிறேன். நமக்கும் பக்கத்துப் பங்காளிக்கும் பொதுச்சுவர். இரண்டு கூரைச் சரிவும் சேருகிற இடத்தில் போட்ட தகரம் ஓட்டையாகிப் பல காலம் ஆயிற்று. அதை மாற்ற அவர்களிடம் பேச வேண்டும். பேச்சுவார்த்தை நின்றதும் பல காலம் ஆயிற்று. தண்ணீர் சுவருக்குள் இறங்கும். சுவருக்குள் செருகியிருக்கிற உத்திரத்தின் முனைதான் முதலில் இத்துப்போகும். வெளியே தெரிகிற பகுதி கருகருவென்று அழகாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஒருநாள் ஊர் ஆள் போன் பண்ணுவார், "கூரை தொங்குதுங்க, மொத்தமா இறக்கிடலாம், கதவு தூணுக்கெல்லாம் நல்ல விலை இருக்கு." காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் எந்தெந்த வீட்டுத் தூண்களெல்லாமோ நிற்கின்றன. நம்மவர்களே அதை வாங்கி வந்து பவாய் ஃபிளாட்டில் செடித்தொட்டி வைக்கிறார்கள்.

இதில் இன்னொரு கூத்து. நாம் ஊருக்குப் போவது ஏப்ரல், மே மாதங்களில், பிள்ளைகளுக்கு லீவு என்பதால். அப்போது வீடு எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கும். ஆசாரிக்குத் தெரிவது இத்துப்போன கைமரம் மட்டும்தான், எந்த ஓட்டில் தண்ணீர் வருகிறது என்பது தெரியவே தெரியாது. அவரும் பத்துக் கைமரத்தை மாற்றுவார், நாமும் பணம் கொடுத்துவிட்டு ரயில் ஏறுவோம். அங்கே மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். ஒரே ஒரு வருஷம், நாலு நாள் லீவை மேயிலிருந்து பிய்த்து நவம்பரில் வையுங்கள். மழை பெய்யும்போது ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு உத்திரத்தோடு நடந்து, ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் சாக்பீஸில் வட்டம் போட்டு வையுங்கள். அப்படியே பங்காளி வீட்டுக் கதவையும் தட்டிவிடுங்கள். அவர்கள் பக்கமும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும்.